வேகமான டெலஸ்கோப்பில் எச்-ஆல்ஃபா ஏன் மங்குகிறது?

முதலில் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். ராஸா 8 டெலஸ்கோப் (203 மி.மீ. வாய், 400 மி.மீ. குவியத் தூரம், எஃப்/2, அதாவது குவியத் தூரம் வாயைப் போல் சுமார் இரு மடங்கு), ஐஎம்எக்ஸ் 533 சென்சார் உள்ள வண்ணக் கேமரா, எச்-ஆல்ஃபாவையும் (ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு) ஆக்சிஜன்-3ஐயும் (ஆக்சிஜனின் பச்சை கலந்த நீலக் கோடு) மட்டும் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர், ஒவ்வொரு பட்டையும் 3 நானோமீட்டர் அகலம். இதை வைத்து ரோஸெட் நெபுலாவை (ஒளிரும் வாயு மேகம்) மூன்று மணி நேரம் எடுத்திருக்கிறீர்கள். நண்பர் அதே கேமரா, அதே ஃபில்டரோடு எஃப்/7 ஒளிவிலகல் டெலஸ்கோப்பில் மூன்று மணி நேரம் எடுத்த படம் உங்களுடையதைவிடத் தெளிவாக இருக்கிறது. உங்கள் படத்தில் விண்மீன்கள் கூர்மையாக, போதிய ஒளியோடு இருக்கின்றன. ஃபிளாட்டும் (மூலை மங்கலையும் தூசி நிழலையும் திருத்த, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் நெபுலா மங்கல், சிவப்பு குறைந்து பச்சை கலந்த நீலம் தூக்கலாகத் தெரிகிறது. எங்கே தவறு என்று கேட்கிறீர்கள்.

டெலஸ்கோப்பிலோ கேமராவிலோ தவறில்லை. அந்த ஃபில்டர் எஃப்/2 ஒளிக்கூம்புக்காக (குவியத்தை நோக்கிக் குறுகி வரும் கதிர்கள்) செய்யப்பட்டதல்ல. நெபுலாவின் சிவப்பு ஒளியில் பெரும்பகுதியை அது சென்சார் வரை விடாமல் தடுக்கிறது. நீங்கள் சொன்ன ஒவ்வொரு அறிகுறியும் இந்த ஒரே காரணத்தில் வந்து சேர்கிறது.

குறுகிய பட்டை ஃபில்டர் சாயக் கண்ணாடி அல்ல. கண்ணாடியின் மேல் அடுக்கடுக்காகப் படிய வைத்த மெல்லிய படலங்களின் குறுக்கீட்டால்தான் அது வேலை செய்கிறது. கதிர் நேர்க்குத்தாக வந்தால் 656.3 நானோமீட்டரை மையமாகக் கொண்டு ஒளியை விடும். கதிர் சாய்ந்து வந்தால் அந்த மையம் குறைந்த அலைநீளத்தின் பக்கம், அதாவது நீலப் பக்கம், நகர்ந்துவிடும். சாய்ந்த கதிர் படலத்துக்குள் கூடுதல் தூரம் போகிறதே, பட்டை சிவப்புப் பக்கம்தானே நகர வேண்டும் என்று பலருக்கும் தோன்றும். நடப்பது தலைகீழ். படலத்தின் இரு முகங்களிலும் எதிரொளிக்கும் அலைகளுக்கு இடையிலான பாதை வேறுபாடு கோணத்தின் கோசைனைப் பொறுத்தது. கோணம் கூடக் கூட அது குறையும். அதனால்தான் பட்டை நீலப் பக்கம் போகிறது.

கணக்கு எளிது. கதிரின் சாய்வுக் கோணத்தின் சைனை ஃபில்டரின் பயனுறு ஒளிவிலகல் எண்ணால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். அதை 1-இலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுங்கள். அதால் பழைய மைய அலைநீளத்தைப் பெருக்கினால் புதிய மையம் கிடைக்கும். பயனுறு ஒளிவிலகல் எண் ஃபில்டரின் வடிவமைப்பைப் பொறுத்து மாறும். கீழே எல்லாக் கணக்கிலும் 2 என்று வைத்துக்கொள்கிறேன். அந்த எண் 2-க்குக் குறைவாக இருந்தால் நகர்வு இன்னும் கூடும்.

எஃப்/2 கூம்பின் விளிம்புக் கதிர் சுமார் 14 டிகிரி சாய்ந்து வருகிறது. எச்-ஆல்ஃபாவுக்கு அங்கே நகர்வு 4.8 நானோமீட்டர். ஒப்பிட்டுப் பாருங்கள்: எஃப்/2.8-இல் விளிம்பு நகர்வு 2.5, எஃப்/4-இல் 1.3, எஃப்/5-இல் 0.8, எஃப்/7-இல் 0.4. ஃபில்டர் 3 நானோமீட்டர் அகலம் என்றால் மையத்திலிருந்து இருபுறமும் 1.5 தான் இடம். 0.4 நகர்ந்தாலும் எச்-ஆல்ஃபா பட்டைக்குள்ளேயே இருக்கும். 4.8 நகர்ந்தால் வெகுதூரம் வெளியே போய்விடும்.

ராஸாவில் இன்னொரு சிக்கல் உண்டு. கேமராவும் திருத்தி வில்லைகளும் டெலஸ்கோப்பின் வாயிலேயே நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. ராஸா 8-இல் இந்த மறைப்பின் விட்டம் 93 மி.மீ. ஆகும். நேராக வரும் கதிர்கள், அதாவது ஃபில்டருக்கு மிகவும் பிடித்தமான கதிர்கள், இந்த மறைப்பில் பட்டு நின்றுவிடுகின்றன. உள்ளே வருவது 93-க்கும் 203-க்கும் இடைப்பட்ட வளையத்தின் ஒளி மட்டும். வளையத்தின் உள்விளிம்பிலேயே நகர்வு 1.1 நானோமீட்டர், வெளிவிளிம்பில் 4.8. நகர்வே இல்லாத கதிர் ஒன்றுகூட இல்லை. சராசரி நகர்வு ஏறத்தாழ 3.

நகர்வு ஆரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, பரப்பும் அப்படியே. ஆகவே எவ்வளவு ஒளி தப்பிக்கிறது என்பதைச் சட்டென்று கணக்கிடலாம். நகர்வு 1.1-இலிருந்து 1.5 வரை உள்ள கதிர்களில் மட்டுமே எச்-ஆல்ஃபா உங்கள் 3 நானோமீட்டர் ஃபில்டரைக் கடக்கும். அது மொத்த வளையத்தில் சுமார் 11 சதவீதம். பட்டையின் ஓரங்கள் செங்குத்தாக வெட்டியதுபோல் இருக்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. உண்மையான ஃபில்டரின் ஓரம் கொஞ்சம் சரிவாக இருப்பதால் எண் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் நிலவரம் இதுதான்: 203 மி.மீ. டெலஸ்கோப்பில் 93-இலிருந்து 113 மி.மீ. விட்டம் வரையுள்ள ஒரு ஒல்லி வளையம்தான் எச்-ஆல்ஃபாவுக்கு வேலை செய்கிறது. வேகத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய வெளிவளையம் முழுவதும் வீண்.

நண்பரின் படத்தோடு இப்போது ஒப்பிடுங்கள். ஒரே கேமரா என்பதால் ஒரு பிக்சலுக்கு வரும் நெபுலா ஒளி எஃப் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. எஃப்/7-இலிருந்து எஃப்/2-க்கு வந்தால் 12.25 மடங்கு. நடு மறைப்பு பரப்பில் 21 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது, மீதி 9.7 மடங்கு. அதில் 11 சதவீதம்தான் ஃபில்டரைத் தாண்டுகிறது என்றால் 1.1 மடங்கு. பத்து மடங்கு ஆதாயம் முழுவதும் போய் இருவரும் சமமாகிவிட்டீர்கள்! வானத்தின் பின்னணி வெளிச்சமோ 9.7 மடங்காகவே வருகிறது. சம அளவு நெபுலா, பத்து மடங்கு பின்னணி, அதனால் பின்னணியின் இரைச்சல் மூன்று மடங்கு. உங்கள் படம் தோற்றது இங்கேதான்.

பின்னணி மட்டும் ஏன் குறையவில்லை? தெருவிளக்கு எல்இடி, நிலவொளி, விண்மீன்கள் எல்லாம் தொடர் நிறமாலை. 656-இல் 3 நானோமீட்டர் எடுத்தாலும் 652-இல் எடுத்தாலும் ஏறத்தாழ அதே அளவு ஒளி வரும். பட்டை எங்கே நகர்ந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. நெபுலா மட்டும்தான் ஒற்றைக் கோட்டில் ஒளிர்கிறது. விண்மீன்கள் நன்றாகத் தெரிவதால் ஃபில்டரும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இந்த விஷயத்தில் விண்மீன்களை நம்பவே கூடாது. ஃபிளாட்டும் அப்படித்தான். எல்இடி பலகையின் வெள்ளை ஒளி எந்தச் சாய்விலும் ஃபில்டரைக் கடந்துவிடும். ஆகவே இந்த இழப்பு ஃபிளாட்டில் பதிவாகாது, ஃபிளாட்டால் சரிசெய்யவும் முடியாது. சட்டத்தின் மூலைகளுக்குப் போகும் கூம்பு கூடுதலாகச் சாய்ந்திருக்கும் கருவிகளில் மூலை நெபுலா இன்னும் மங்கும். ஃபிளாட் போட்ட பிறகும் அது மங்கலாகவே இருக்கும்.

நிறம் மாறியதற்கும் இதே கணக்கு பதில் சொல்கிறது. நகர்வு அலைநீளத்தோடு விகிதமாகக் கூடுவது. 500.7 நானோமீட்டரில் உள்ள ஆக்சிஜன்-3 கோட்டுக்கு விளிம்பில் நகர்வு 3.7 தான், உள்விளிம்பில் 0.8. அதே 3 நானோமீட்டர் அகலத்தில் சுமார் 24 சதவீதம் தப்பிக்கிறது. எச்-ஆல்ஃபாவுக்கு 11, ஆக்சிஜனுக்கு 24. ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் ரோஸெட்டின் சிவப்பு பாதிக்குக் கீழே இறங்கி, நடுவிலுள்ள ஆக்சிஜன் தூக்கலாகத் தெரிய இதுவே போதும். செயலாக்கத்தில் சிவப்பை ஏற்றினால் நிறம் சரியாகும், கூடவே இரைச்சலும் ஏறும்.

இவ்வளவும் காகிதக் கணக்கு. உங்கள் ஃபில்டர்தான் குற்றவாளி என்பதை ஒரு அட்டைத் துண்டை வைத்து ஒரே இரவில் உறுதிசெய்யலாம். புது ஃபில்டருக்குப் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

கெட்டியான கறுப்பு அட்டையில் டெலஸ்கோப்பின் வாய்க்குள் சரியாக உட்காரும் வட்டம் வெட்டி, அதன் நடுவில் 140 மி.மீ. விட்டத்தில் துளை போடுங்கள். கேமராவும் கேபிளும் அந்தத் துளை வழியே வெளியே நிற்கும். கேமராவைக் கழற்ற வேண்டியதில்லை, அட்டையை ஓரிடத்தில் வெட்டிப் பிரித்து நுழைத்துப் பின்னால் டேப் ஒட்டிவிடலாம். திருத்தித் தட்டின் (வாயில் உள்ள முன் கண்ணாடி) மேல் அட்டை உரசாமல், ஆனால் அதற்கு நெருக்கமாக இருக்கட்டும். ரோஸெட் நன்றாக மேலே ஏறிய பிறகு 180 வினாடியில் மூன்று படம் அட்டையில்லாமல், மூன்று படம் அட்டையோடு எடுங்கள். கெயினை (கேமராவின் சிக்னல் பெருக்கம்) மாற்றாதீர்கள், ஃபோகஸைத் தொடாதீர்கள்.

டார்க்கை (மூடி போட்டு அதே நேர அளவில் எடுத்த இருட்டுப் படம்) கழித்த பிறகு சிவப்புப் பிக்சல்களை மட்டும் தனியே எடுங்கள். நெபுலாவின் பிரகாசமான ஓரத்தில் விண்மீன் இல்லாத 50 x 50 பிக்சல் சதுரம் ஒன்று, நெபுலாவுக்கு வெளியே இருண்ட இடத்தில் இன்னொன்று. இரண்டிலும் இடைநிலை மதிப்பை அளந்து கழித்தால் கிடைப்பது நெபுலா ஒளி. இருண்ட சதுரத்தின் மதிப்பு வானப் பின்னணி.

அட்டை வைத்ததும் திறந்த பரப்பு 34 சதவீதமாகக் குறைகிறது. பின்னணியும் அதே அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். அப்படிக் குறைந்தால் அட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இனி நெபுலா ஒளியைப் பாருங்கள். அதுவும் 34 சதவீதத்துக்கு அருகே வந்தால் ஃபில்டர் எல்லா வளையத்துக்கும் சமமாக வழிவிடுகிறது, சந்தேகத்தை வேறு இடத்தில் வையுங்கள். 656.3-ஐ மையமாகக் கொண்ட 7 நானோமீட்டர் ஃபில்டராக இருந்தால் கணக்குப்படி 52 சதவீதம் மிஞ்சும். உங்கள் 3 நானோமீட்டர் ஃபில்டரிலோ நெபுலா ஒளி கிட்டத்தட்ட குறையவே குறையாது. மூன்றில் இரண்டு பங்கு வாயை மூடியும் நெபுலா அப்படியே இருக்கிறது, பின்னணி மட்டும் மூன்றில் ஒன்றாகிவிட்டது என்றால், மூடிய பகுதி இதுவரை நெபுலாவுக்கு எதுவுமே தரவில்லை, பின்னணியைத்தான் கொட்டிக்கொண்டிருந்தது. படம் அட்டையோடு எடுத்ததில்தான் தெளிவாக இருக்கும். வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

புது ஃபில்டர் வரும்வரை அந்த அட்டையோடே படம் எடுக்கலாம். 115 முதல் 120 மி.மீ. துளை உங்கள் ஃபில்டருக்கு இன்னும் பொருத்தம். வேகம் போய்விடும், ஆனால் இருக்கிற ஒளி சுத்தமாக வரும்.

நிரந்தரத் தீர்வு, முன்கூட்டியே நகர்த்திச் செய்த ஃபில்டர். சராசரி நகர்வு 3 நானோமீட்டர் என்றால், நேர்க்குத்து ஒளியில் மையம் 659.3-க்கு அருகில் இருக்கும்படி படலங்களை வடிவமைக்கிறார்கள். எஃப்/2 கூம்பில் வைத்தால் அது 656.3-க்கு வந்து நிற்கும். 3 நானோமீட்டர் அகலத்தில் இப்படிச் செய்தால் கணக்குப்படி 80 சதவீத ஒளி கடக்கும். உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே 3.8 நானோமீட்டர் வித்தியாசம் இருப்பதால் 3 நானோமீட்டரில் முழுவதையும் பிடிக்க முடியாது. 6.5 நானோமீட்டர் ஃபில்டர் முழுவதையும் பிடித்துவிடும். பாடர் நிறுவனம் எஃப்/2-க்கும் எஃப்/3-க்கும் தனித்தனியாக ‘ஹைஸ்பீடு’ வரிசைகள் விற்கிறது, எஃப்/2 வரிசையில் 6.5-உம் உண்டு, அதைவிடக் குறுகியதும் உண்டு. வண்ணக் கேமராவுக்கு ஐடாஸ் என்பிஇசட் போன்ற, வேகமான கருவிகளுக்கென்றே செய்த இரட்டைப் பட்டை ஃபில்டர்கள் கிடைக்கின்றன.

எதை வாங்கினாலும் டப்பாவில் எழுதியிருக்கும் அகலத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஊடுருவல் வரைபடத்தைக் கேளுங்கள், அது எந்தக் கோணத்தில், எந்த எஃப் எண்ணில் எடுத்தது என்றும் கேளுங்கள். எஃப்/2-க்கான ஃபில்டர் என்று சொல்லிவிட்டு நேர்க்குத்து வரைபடத்தில் உச்சம் 656.3-இல் இருந்தால், அது உங்களுக்கானதல்ல. தயாரிப்பில் மையம் அரை நானோமீட்டர் அங்கே இங்கே போவது சாதாரணம். 7-இல் அது தெரியாது, 3-இல் தெரியும்.

என் பரிந்துரை: எஃப்/2-இல் முதல் ஃபில்டராக 6 முதல் 7 நானோமீட்டர் அகலமுள்ள, முன்நகர்த்திய ஃபில்டரை எடுங்கள். பின்னணி அகலத்தோடு விகிதமாகக் கூடும் என்பது உண்மைதான், நகரத்தின் நடுவில் 3 நானோமீட்டருக்கு மதிப்பு உண்டு. ஆனால் எஃப்/2-இல் 3 என்பது மையம், சாய்வு, மூலைக் கோணம் எல்லாம் ஒருசேரப் பொருந்தினால்தான் பலன் தரும். 6.5 சிறு பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

முன்நகர்த்திய குறுகிய ஃபில்டரை நண்பருக்குக் கடன் கொடுக்காதீர்கள். எஃப்/7-இல் அதன் மையம் 659-ஐ ஒட்டியே நிற்கும், எச்-ஆல்ஃபா வெளியே போய்விடும். நைட்ரஜனின் 658.4 கோடு வேண்டுமானால் விழும்.

மற்ற வேகமான கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கில் போட வேண்டிய எஃப் எண், ஃபில்டர் இருக்கும் இடத்தில் உள்ள கூம்பினுடையது. நியூட்டோனியனில் குவியத் தூரத்தைக் குறைக்கும் கோமா திருத்திக்குப் பின்னால் ஃபில்டர் இருந்தால் குறைந்த எஃப் எண்தான் கணக்கு. எஃப்/4-உம் அதற்கு மேலும் என்றால் 5 முதல் 7 நானோமீட்டர் சாதாரண ஃபில்டர் தாராளமாகப் போதும். எஃப்/4-இல் 3 நானோமீட்டர், மையம் சரியாக இருந்தால் தப்பிக்கும். எஃப்/3-க்கு அருகில் வந்ததும் முன்நகர்த்தியது தேவை. சாம்யாங் 135 மி.மீ. எஃப்/2 லென்ஸின் பின்னால் ஃபில்டர் வைப்பவர்களுக்கும் இதே எஃப்/2 கூம்புதான், ஆனால் நடு மறைப்பு கிடையாது, நகர்வு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அங்கே லென்ஸை எஃப்/4-க்கு மூடினாலே சிக்கல் தீர்ந்துவிடும்.

ஃபில்டரை மாற்றிய பிறகு அடுத்த தலைவலி ஃபோகஸ். எஃப்/2-இல் 656 நானோமீட்டருக்குக் கூர்மை தாங்கும் ஆழம் மொத்தம் சுமார் 13 மைக்ரான். எஃப்/7-இல் அது 157 மைக்ரான். அலுமினியக் குழாய் 400 மி.மீ. நீளத்துக்கு 1 டிகிரி குளிர்ந்தால் 9 மைக்ரான் சுருங்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு வைத்த ஃபோகஸ் ஒன்பது மணிக்கு இருக்காது. மோட்டார் ஃபோகசர் இல்லாமல் எஃப்/2-இல் குறுகிய பட்டை எடுப்பது வீண் மெனக்கெடல். 1 டிகிரி மாறினால் ஒருமுறை, மாறாவிட்டாலும் அரைமணி முதல் முக்கால் மணிக்கு ஒருமுறை தானாக ஃபோகஸ் ஓடும்படி வையுங்கள். முதன்மைக் கண்ணாடி நகர்ந்து ஃபோகஸ் ஆகும் கருவி இது, கடைசி அசைவு எப்போதும் கண்ணாடியை மேலே தள்ளும் திசையில் முடிய வேண்டும். ஃபோகசர் மென்பொருளில் பின்னடைவுத் திருத்தத்தை (கியர் தளர்வை ஈடுசெய்வது) அந்தத் திசைக்கே வையுங்கள். திசை தவறினால் கண்ணாடி தன் எடையால் மெல்ல இறங்கும், இருபது படம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஃபில்டர் கண்ணாடி தன் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குவியத்தைத் தள்ளி வைக்கும். 2 மி.மீ. கண்ணாடிக்கு இது 0.67 மி.மீ. ஆகும். பின் ஃபோகஸ் இடைவெளியை (டெலஸ்கோப்பிலிருந்து சென்சார் வரை இருக்க வேண்டிய தூரம்) கணக்கிடும்போது இதைச் சேர்க்க வேண்டும். ராஸா 8-இல் உடன் வரும் எம்42 அடாப்டரின் மேல் விளிம்பிலிருந்து சென்சாருக்கு 25 மி.மீ. இருக்க வேண்டும். கேமராவுக்குள்ளேயே 17.5 மி.மீ. போய்விட்டால் ஃபில்டர் இழுப்பறைக்கு (ஃபில்டரைச் செருகும் தட்டு) 7.5 மி.மீ. தான் மிச்சம். அதனால்தான் ராஸாவுக்கென்று மெல்லிய இழுப்பறைகள் தனியே செய்கிறார்கள். சாதாரண இழுப்பறையை வைத்து நெருக்கி முறுக்கிப் பார்க்காதீர்கள். இரண்டு ஃபில்டருக்கு இடையே 0.05 மி.மீ. தடிமன் வித்தியாசம் இருந்தாலே ஃபோகஸ் 17 மைக்ரான் நகர்கிறது, தாங்கும் ஆழத்தைவிட அதிகம். ஒரே தடிமன் என்று விளம்பரம் செய்த ஃபில்டர்களானாலும் மாற்றும்போதெல்லாம் ஃபோகஸ் செய்யுங்கள்.

மூலைகளில் விண்மீன்கள் நீண்டிருந்தால் நான்கு மூலையையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே மாதிரி, மையத்தைச் சுற்றிச் சமச்சீராக நீண்டிருந்தால் பின் ஃபோகஸ் இடைவெளி தவறு. ஒரு பக்கம் கூர்மை, எதிர்ப்பக்கம் பெருத்திருந்தால் சென்சார் சாய்ந்திருக்கிறது. ஐஎம்எக்ஸ் 533-இன் மூலைவிட்டம் 16 மி.மீ. தான், ராஸா 8-இன் 22 மி.மீ. திருத்திய வட்டத்துக்குள் வசதியாக அடங்கும். பெரிய ஐஎம்எக்ஸ் 571 சென்சாரில் (28 மி.மீ.) சாய்வைச் சரிசெய்யப் பல இரவுகள் போகும். இடைவெளியை முதலில் சரிசெய்துவிட்டுச் சாய்வுக்குப் போங்கள், மாற்றிச் செய்தால் ஒன்று மற்றதை மறைத்துக் குழப்பும்.

வாயின் குறுக்கே போகும் கேபிளையும் கவனியுங்கள். நேராக இழுத்துக் கட்டினால் பிரகாசமான விண்மீன்களில் ஒற்றைக் கோடு விழும். வளைத்து விட்டால் அந்த ஒளி பல திசைகளில் பரவி மறைந்துவிடும். பனிக்கவசமும் வெப்பப்பட்டையும் இல்லாமல் திருத்தித் தட்டைத் திறக்க வேண்டாம். மெல்லிய பனி படிந்தால் நெபுலா மங்கும், பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் வரும். ஃபில்டர் பிரச்சினையிலிருந்து இதைப் பிரித்தறிய அந்த ஒளிவட்டமே அடையாளம்.

ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது? எண் சொல்வதைவிட அளக்கும் முறையைச் சொல்கிறேன். சென்சாரின் வாசிப்பு இரைச்சலின் (படத்தைப் படிக்கும்போது சென்சாரே சேர்க்கும் இரைச்சல்) வர்க்கத்தைப் பத்தால் பெருக்குங்கள், அவ்வளவு எலெக்ட்ரான் வானப் பின்னணியிலிருந்து வந்தால் வாசிப்பு இரைச்சல் கூட்டும் கெடுதல் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கெயின் 100-இல் ஐஎம்எக்ஸ் 533-க்கு வாசிப்பு இரைச்சல் சுமார் 1.5 எலெக்ட்ரான், ஆகவே 22 அல்லது 23 எலெக்ட்ரான் போதும். அந்தக் கெயினில் 16 பிட் கோப்பின் நான்கு அலகு ஏறக்குறைய ஒரு எலெக்ட்ரான். பயாஸுக்கு (ஒளியே இல்லாதபோதும் பதியும் அடிப்படை மதிப்பு) மேலே சுமார் 90 அலகு வந்துவிட்டால் நேரம் போதும். எஃப்/2-இல் நகரத்தை ஒட்டிய வானத்தில் ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் இதை எட்டிவிடலாம். எஃப்/7 வைத்திருப்பவர் பத்து நிமிடம் எடுக்கிறார் என்பதற்காக நீங்களும் எடுக்க வேண்டியதில்லை. விண்மீன்களின் நடுப்பகுதி வெந்து நிறமற்றுப் போவதுதான் மிச்சம்.

ஃபிளாட்டைப் பலகையின் வெளிச்சத்தைக் குறைத்து, எக்ஸ்போஷர் ஒரு வினாடிக்கு மேல் வரும்படி எடுங்கள். மிகக் குறைந்த நேரத்தில் எல்இடியின் துடிப்பு பட்டை பட்டையாகப் பதியும். அதே எக்ஸ்போஷரில் மூடி போட்டு டார்க்-ஃபிளாட்டும் எடுத்துக் கழியுங்கள். எஃப்/2-இல் தூசியின் நிழல் மிகவும் பரந்து விழும், ஃபில்டரில் 15 மி.மீ. தூரத்தில் உள்ள தூசிக்கு 7.5 மி.மீ. அகல நிழல், கண்ணுக்கே தெரியாது. அதனால் தூசிக்குப் பயந்து ஃபில்டரை அடிக்கடி துடைக்காதீர்கள், படலத்தில் கீறல் விழுந்தால் அது போகாது.

வண்ணக் கேமராவில் எச்-ஆல்ஃபா சிவப்புப் பிக்சல்களில் மட்டும் விழுகிறது, நான்கில் ஒன்று. ஆக்சிஜன் பச்சையிலும் நீலத்திலும் விழுவதால் நான்கில் மூன்று. ஸ்டாக் செய்யும் (படங்களை ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும்) முன்பே இரண்டையும் தனித்தனி ஒற்றை நிறப் படங்களாகப் பிரியுங்கள். எச்-ஆல்ஃபாவைச் சிவப்புக்கும் ஆக்சிஜனைப் பச்சை, நீலம் இரண்டுக்கும் கொடுங்கள். புது ஃபில்டரில் எச்-ஆல்ஃபா முழு அளவில் வரும்போது ஆக்சிஜனின் பிரகாசத்தைத் தனியே கொஞ்சம் கூட்டித்தான் நடுவில் நீலம் தெரிய வைக்க முடியும். அதைக் குறையாக நினைக்காதீர்கள், ரோஸெட்டின் இயல்பான நிலைமை அது. விண்மீன்களை மென்பொருளால் நீக்கிவிட்டு, ஃபில்டரில்லாமல் 10 வினாடியில் எடுத்த ஐம்பது படங்களின் விண்மீன்களை மேலே வைத்தால் அவற்றின் நிறம் இயற்கையாக இருக்கும். ஃபில்டர் எடுத்த இடத்தில் அதே தடிமன் வெறும் கண்ணாடியைப் போடுங்கள், இல்லாவிட்டால் இடைவெளி மாறி மூலைகள் கெடும்.

நிலவு இருக்கும் இரவில் எச்-ஆல்ஃபாவுக்குப் பரவாயில்லை, ஆக்சிஜனுக்கு நல்லதல்ல. இரட்டைப் பட்டை ஃபில்டரில் இரண்டையும் பிரிக்க முடியாது, ஆகவே ஆக்சிஜனுக்கு ஏற்ற இரவுகளையே தேர்ந்தெடுங்கள். ரோஸெட்டின் நடுவரை விலக்கம் (வான நடுக்கோட்டிலிருந்து உள்ள கோணத் தூரம்) வடக்கே சுமார் 5 டிகிரி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது கிட்டத்தட்ட உச்சிக்கே ஏறும், வளிமண்டலத்தின் குறுக்கே குறைந்த பாதை. ஜனவரி தொடக்கத்தில் நள்ளிரவில் உச்சத்தில் இருக்கும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் பிப்ரவரியில் இரவு பத்து மணிக்கே உச்சத்துக்கு வந்துவிடும். அதற்குள் அட்டைச் சோதனையை முடித்துவிடுங்கள். ரோஸெட்டுக்குப் பதில் ஓரியன் நெபுலாவையோ, ரோஸெட் மேலே இல்லாத மாதங்களில் லகூன் நெபுலாவையோ வைத்தும் அதே சோதனையைச் செய்யலாம். ஓரியனின் நடுப்பகுதி வெந்துவிடாமல் 180-க்குப் பதில் 20 வினாடி போதும்.